ஆணழகன் மேடையும் ஸ்டீராய்டு ஊசியும்: கடலூரிலும் புதுச்சேரியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டை வரை இன்று ஜிம் இல்லாத பகுதியைக் காண்பது அரிது. அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் உடல்நலத்துக்காகவே வருகிறார்கள். ஒரு பகுதியினர் மட்டும், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய ஆண்கள், சில மாதங்களில் ஊசிக்கும் மாத்திரைக்கும் போய்விடுகிறார்கள். அவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. இவை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் போகவே கூச்சப்படுபவர் அந்தக் கூச்சத்தை விட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டவை.

அனபாலிக் ஸ்டீராய்டு என்பது என்ன? ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. ஆஸ்துமா, ஒவ்வாமை, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு மருத்துவர் கொடுக்கும் பிரெட்னிசோலோன் வகை மருந்துகள் அழற்சியைத் தணிப்பவை. அவை தசையை வளர்ப்பதில்லை, நீண்டநாள் எடுத்தால் தசையைக் கரைக்கவும் கூடும். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் அந்த மருந்துகளைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. அப்படி நிறுத்துவது ஆபத்தானது.

அனபாலிக் ஸ்டீராய்டுகள் ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனும் அதன் அமைப்பைச் சற்று மாற்றிச் செய்யப்பட்ட மருந்துகளும் ஆகும். டெஸ்டோஸ்டிரோன் 1935இல் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் ஆய்வகத்திலும் தயாரிக்கப்பட்டது. நம் ஊர் ஜிம்களில் காதில் விழும் நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலால், மெத்தாண்டியனோன், ஆக்சாண்ட்ரோலோன் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. டிரென்போலோன் என்பது கால்நடைகளைக் கொழுக்க வைப்பதற்காக உருவாக்கப்பட்டது. இன்று மனிதர்களுக்கான மருந்தாக அது அங்கீகரிக்கப்படவில்லை.

இதனால் உண்மையிலேயே தசை வளருமா, அல்லது வெறும் தண்ணீர்தானா?

வளரும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை, ஏனெனில் பக்கத்தில் பயிற்சி செய்யும் நண்பனின் உடம்பில் அதைப் பார்த்த இளைஞனிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொன்னால், நாம் சொல்லும் மற்ற உண்மைகளையும் அவன் நம்பமாட்டான். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 43 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசியும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி ஊசியும் 10 வாரங்களுக்குப் போடப்பட்டன. மருந்தும் எடைப்பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக 6.1 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 3.2 கிலோ, மருந்தில்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.9 கிலோ.

ஜிம்மில் இந்த எண்களைச் சொல்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த ஆய்வு 10 வாரங்களில் முடிந்தது. மருத்துவர்களின் கண்காணிப்பில், ஒரே ஒரு மருந்தைக் கொண்டு நடந்தது. ஐந்தாறு ஆண்டுகள் மூன்று நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்பவரின் இதயத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

"டாக்டரே டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதிக் கொடுக்கிறாரே, அப்புறம் என்ன ஆபத்து?"

ஆபத்து பெருமளவுக்கு அளவிலும் காலத்திலும் இருக்கிறது. ஆரோக்கியமான ஆணின் உடல் ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைத்தான் சுரக்கிறது. விரை சரியாகச் செயல்படாதவருக்கு மருத்துவர் கொடுக்கும் ஊசி அந்தக் குறையை நிரப்பும் அளவில், பொதுவாக வாரத்துக்கு 100 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். இடையிடையே இரத்தப் பரிசோதனையும் நடக்கும். ஜிம் வழக்கிலோ வாரம் 500, 1000 மில்லிகிராம் என்று போவதும், ஊசியோடு மாத்திரையையும் சேர்ப்பதும் சாதாரணம்.

எப்படிப்பட்டவர்கள் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஊசியின் தீமைகளை அடுக்குவது எளிது. அந்த ஊசி வரை ஓர் இளைஞனைக் கொண்டுவந்தது எது என்று கேட்பவர்கள் குறைவு.

வயதும் பாலினமும் முதலில் வருகின்றன. பயன்படுத்துபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இருபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பிப்பவர்களே அதிகம். விளையாட்டு வீரர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்ற எண்ணம் தவறு. பதக்கமோ போட்டியோ இல்லாமல் தோற்றத்துக்காக மட்டும் எடுப்பவர்களே உலகெங்கும் பெரும்பான்மையினர்.

அடுத்தது, தன் உடம்பைப் பற்றிய அதிருப்தி. பள்ளி நாட்களில் "ஓமக்குச்சி", "குண்டன்" என்று கேலி செய்யப்பட்டவர்கள், அடி உதைக்கு ஆளானவர்கள், சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்கள் ஆகியோரிடம் இந்தப் பழக்கம் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உடம்பு பெரிதானால் யாரும் தன்னைத் தொடமாட்டார்கள் என்ற எண்ணம் அவர்களுக்குள் ஆழமாக இருக்கிறது. அந்தக் காயத்தைப் பற்றிப் பேசாமல் "ஊசியை விடு" என்று மட்டும் சொல்வது பலன் தராது.

மூன்றாவது, சூழல். தன்னுடன் பயிற்சி செய்பவர்கள் எடுத்தால் தானும் எடுப்பதற்கான வாய்ப்பு பெருமளவு கூடுகிறது. நம் பகுதியில் ஜிம் மாஸ்டரின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு மிகப் பெரியது; தகப்பனிடம் கேட்காததை இளைஞர்கள் அவரிடம் கேட்கிறார்கள். அந்த மாஸ்டர் "இப்போது வேண்டாம், முதலில் ஒழுங்காகச் சாப்பிடு" என்று சொன்னால் பல கதைகள் அங்கேயே முடிந்துவிடும். அவரே "ஒரு கோர்ஸ் போட்டால் ரெண்டே மாதம்" என்று சொல்லி, மருந்தையும் விற்று, ஊசியையும் போட்டால், அந்த இளைஞன் மறுப்பதற்கு இடமே இருப்பதில்லை. ஊசி போட்டுக்கொண்டவனைக் குறை சொல்வதற்கு முன் விற்றவரைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மாவட்ட அளவிலான ஆணழகன் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும் நிலை, உடற்கட்டை நம்பிப் பிழைக்கும் தனியார் பாதுகாவலர் வேலை, கைப்பேசியில் நாள் முழுவதும் பார்க்கும் செதுக்கிய உடம்புகள், மது முதலிய பிற போதைப் பழக்கங்கள், ஏற்கெனவே உள்ள மனச்சோர்வு ஆகியவையும் சேரும்போது அபாயம் பெருகுகிறது. கடைசியாகச் சொன்ன ஒன்றை வீட்டார் கவனிப்பதே இல்லை. "ஜிம்முக்குப் போகிறானே, நன்றாகத்தானே இருக்கிறான்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு பெரிதானாலும் "இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறேன்" என்கிறார் என் நண்பர். இது ஒரு நோயா?

ஆம், அப்படி இருக்கக்கூடும். தசை போதவில்லை என்ற எண்ணம் ஒருவரை நாள் முழுவதும் ஆட்டிப்படைப்பது, உடல் தோற்றம் குறித்த மனநலக் கோளாறுகளில் ஒரு வகையாக 1990களிலிருந்து மருத்துவ உலகில் விவரிக்கப்பட்டு வருகிறது. இவர்கள் கண்ணாடி முன் நெடுநேரம் நிற்பார்கள், அல்லது கண்ணாடியையே தவிர்ப்பார்கள். புதுச்சேரி வெயிலிலும் உடம்பு தெரியாதபடி முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்துகொள்வார்கள். பயிற்சி தவறிவிடும் என்பதற்காக உறவினர் திருமணத்துக்கும் போகமாட்டார்கள், அளவு தெரியாது என்பதற்காக விருந்தில் உட்காரமாட்டார்கள். ஸ்டீராய்டு எடுப்பதற்கான வலுவான காரணங்களில் இதுவும் ஒன்று. பேச்சுவழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் உதவும். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

இதயத்துக்கு என்ன ஆகும்?

நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். குறைகிறது, குறிப்பாக மாத்திரைகளால் வெகுவாகக் குறைகிறது. கெட்ட கொழுப்பாகிய எல்.டி.எல். கூடுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்தின் சுவர் தடிக்கிறது. வெளியே பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில்தான் ஊரே அவன் உடம்பைப் புகழ்ந்துகொண்டிருக்கும்.

2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எடைப்பயிற்சி செய்யும் 140 ஆண்களைச் சோதித்தது. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பது ஒரு முக்கியமான அளவு. ஸ்டீராய்டு எடுக்காதவர்களுக்கு அது சராசரியாக 63 ஆகவும், நீண்டகாலம் எடுத்தவர்களுக்கு 52 ஆகவும் இருந்தது. வாழ்நாளில் எவ்வளவு காலம் எடுத்தார்களோ அதற்கேற்ப இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவும் கூடியிருந்தது. மருந்தை நிறுத்தியிருந்தவர்களுக்கு இதயத்தின் தள்ளும் திறன், இன்னும் எடுத்துக்கொண்டிருந்தவர்களைவிட மேலாக இருந்தது என்பது நிறுத்த நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

டென்மார்க்கில் ஜிம்களிலேயே ஊக்கமருந்துச் சோதனை நடத்தும் வழக்கம் உண்டு. அங்கு ஸ்டீராய்டு எடுத்ததாக உறுதியான ஏறத்தாழ 1,200 ஆண்களைச் சராசரியாக 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அதே வயதுள்ள மற்ற ஆண்களைவிட அவர்களிடையே இறப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று படுத்துவிடாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். என்ன ஊசி போட்டோம் என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஆண் ஹார்மோன்தானே, ஆண்மை கூடத்தானே வேண்டும்? குழந்தை பிறக்காது என்கிறார்களே?

மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவதுபோல, வெளியிலிருந்து ஹார்மோன் வந்து நிரம்பியதும் மூளை விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு உற்பத்தி குறைகிறது அல்லது முற்றிலும் நின்றுவிடுகிறது. இது எப்போதாவது ஒருவருக்கு வரும் பக்கவிளைவு அல்ல. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார அமைப்பு சோதித்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டது. பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் விந்தில் ஆறு மாதங்களுக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. ஜிம்மில் போடப்படுவது பெரும்பாலும் அதைவிட அதிகம்.

நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பி வருகிறது. ஆனால் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் குழந்தையில்லை என்று மனைவியை மட்டும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அனுப்பிவிட்டு, தான் போட்ட ஊசியைப் பற்றி வாய் திறக்காத கணவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் படும் பாட்டையும் மாமியார் வீட்டில் கேட்கும் பேச்சையும் நினைத்தாவது, முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

உடலில் மிகுந்துபோன டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி பெண் ஹார்மோனாக மாறுவதால் மார்பு வீங்குவதும் உண்டு. தொடக்கத்திலேயே கவனித்தால் மருந்தில் குறையலாம். நாளாகிக் கெட்டிப்பட்டுவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி.

ஊசிக்குப் பயந்து மாத்திரை மட்டும் எடுத்தால் பாதுகாப்பானதா?

இல்லை. வாய்வழி எடுக்கும் பெரும்பாலான ஸ்டீராய்டுகள் கல்லீரலில் எளிதில் சிதையாதபடி மாற்றப்பட்டவை. அதனாலேயே கல்லீரலைத் தாக்குகின்றன. மஞ்சள் காமாலை, கல்லீரலில் இரத்தக் கட்டிகள், கழலைகள் ஆகியவை வரலாம். வாரக் கடைசியில் மதுவும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மனநிலையை மாற்றுமா? இது அடிமைப்படுத்துமா?

எடுக்கும் காலத்தில் சிலருக்கு எரிச்சலும் கோபமும் தூக்கமின்மையும் கூடுகின்றன. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நிறுத்தும்போது வருவதுதான் அதிகக் கவலைக்குரியது. உடலின் சொந்தச் சுரப்பு இன்னும் தொடங்காத நிலையில் சோர்வு, பாலுறவு நாட்டமின்மை, ஆழ்ந்த மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வருகின்றன. அதைத் தாங்க முடியாமல் மீண்டும் ஊசிக்கே திரும்புகிறார்கள். பயன்படுத்துபவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் விடமுடியாத நிலைக்குப் போவதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். தற்கொலை எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

"சைக்கிள் முடிந்ததும் பி.சி.டி. எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்கிறார் மாஸ்டர். சரியா?

சைக்கிள், அதாவது ஸ்டீராய்டு கோர்ஸ், முடிந்தபின் உடலின் சொந்தச் சுரப்பை மீண்டும் தூண்டுவதற்காக டமாக்சிஃபென், குளோமிஃபீன், எச்.சி.ஜி. போன்றவற்றை எடுத்துக்கொள்வதைத்தான் பி.சி.டி. என்று அவர் குறிப்பிடுகிறார். இவை மருத்துவர்களும் சில நோயாளிகளுக்குத் தரும் மருந்துகளே. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒரே சீட்டைப் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுப்பது சிகிச்சை அல்ல. இதயத் தமனியில் ஏற்கெனவே படிந்ததை இந்த மருந்துகள் எதுவும் அகற்றுவதுமில்லை.

கையில் கிடைக்கும் குப்பி உண்மையான மருந்தா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் எண்ணெய், ரப்பர் மூடி, பளபளக்கும் வெளிநாட்டுப் பெயர். தயாரிப்பு உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லை, அல்லது விரலால் தேய்த்தால் அழிகின்றன. உள்ளே எழுதியிருக்கும் மருந்தே இருக்கலாம், வேறொன்று இருக்கலாம், வெறும் சமையல் எண்ணெயும் இருக்கலாம். அச்சு நேர்த்தியாக இருந்தாலும் அது உத்தரவாதம் ஆகாது. கிருமி நீக்கம் செய்யப்படாத எண்ணெய் பிட்டத்தில் சீழ்க்கட்டியை உண்டாக்கி, கீறி எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுவதுண்டு.

ஊசியையோ பல தடவை எடுக்கும் ஒரே குப்பியையோ பகிர்ந்துகொண்டிருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்வது கட்டாயம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

போட்டிக்கு முந்தைய நாட்களில் தண்ணீரை நிறுத்தி மாத்திரை போடுகிறார்களே?

சிறுநீரை வெளியேற்றும் மாத்திரைகளைச் சொல்கிறீர்கள். தோலுக்கடியில் உள்ள நீர் வற்றித் தசைக் கோடுகள் தெரிய வேண்டும் என்பதற்காக எடுக்கப்படும் இவை, பொட்டாசியம் அளவைக் குலைத்து இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அல்ஜீரியாவில் பிறந்த புகழ்பெற்ற உடற்கட்டு வீரர் முகமது பெனாசிசா, 1992இல் நெதர்லாந்தில் போட்டி முடிந்த சிறிது நேரத்திலேயே உயிரிழந்தார். நீர் வெளியேற்றும் மருந்துகளே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன.

அறுவை சிகிச்சையின்போது விழுந்துவிட்ட இரத்த அழுத்தத்தை ஏற்றப் பயன்படும் மெஃபென்டெர்மின் ஊசியையும் பயிற்சிக்கு முன் வேகத்துக்காகப் போடும் பழக்கம் இந்திய ஜிம்களில் பரவியிருக்கிறது. அது ஸ்டீராய்டு அல்ல, இதயத்தைத் தூண்டும் மருந்து. ஸ்டீராய்டால் தடித்த இதயத்தின் மேல் அதையும் செலுத்துவது எவ்வளவு பெரிய அபாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன் போன்றவை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ளவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் மெடிக்கல் கடைகூட விற்கக் கூடாது. மருந்து விற்பனை உரிமம் இல்லாத ஜிம்மில் விற்பது குற்றம். மத்தியச் சட்டம் என்பதால் கடலூரிலும் புதுச்சேரியிலும் விதி ஒன்றே. போட்டியாளர்களுக்கு 2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டமும் உண்டு. ஸ்டீராய்டுக்கு முதல் முறை சிக்கினாலே நான்கு ஆண்டுகள் வரை தடை வரலாம். "பவுடரில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் தப்பிவிட முடியாது.

புரோட்டீன் பவுடரும் ஸ்டீராய்டுதானா?

இல்லை. அது பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த புரதம். ஆனால் "டெஸ்டோ பூஸ்டர்" என்ற பெயரில் வரும் சில பொருள்களில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

என் மகனுக்குப் பதினேழு வயது. அவனும் எடுக்கலாமா என்று கேட்கிறான்.

கூடவே கூடாது. எலும்பின் வளர்ச்சி முனைகள் முன்கூட்டியே மூடிக்கொள்வதால் உயரம் அதோடு நின்றுவிடக்கூடும். அதைத் திருத்த மருந்து இல்லை.

மகனுடைய அலமாரியில் ஊசிகளைப் பார்த்தேன். என்ன செய்வது?

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் தாய்க்கும் முத்தியால்பேட்டையில் இருக்கும் தாய்க்கும் என் பதில் ஒன்றே: அன்றைக்கே கத்தாதீர்கள், எடுத்துத் தூக்கியும் எறியாதீர்கள். எறிந்தால் அவர் வேறு இடத்தில் ஒளித்துவைப்பார். திடீரென நின்றுபோனால் மனச்சோர்வும் வரலாம். முதுகிலும் தோளிலும் புதிதாகப் பெரிய பருக்கள், ஓரிரு மாதங்களில் ஏறிய எடை, முடி கொட்டுதல், தூக்கமின்மை ஆகியவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரத்தில், "இதைப் பார்த்தேன்பா, எனக்குப் பயமாக இருக்கிறது, ஒரு தடவை இரத்தம் பார்த்துவிட்டு வருவோம்" என்று கேளுங்கள். உறவினர் முன்னால் அவமானப்படுத்தினால் அவர் பிறகு உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்.

நிறுத்த விரும்புகிறேன். எங்கே போவது, என்ன சொல்வது?

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் ஹார்மோன், இதயம், மனநலம் ஆகிய மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ளன. கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். போகும்போது எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குப்பி இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். மருத்துவர் இரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல், இரத்தத்தின் தடிப்பு, டெஸ்டோஸ்டிரோன், விரைகளைத் தூண்டும் ஹார்மோன்களாகிய எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகியவற்றையும் இசிஜி, எக்கோ, விந்துப் பரிசோதனையையும் பார்க்கச் சொல்லலாம். கடும் பயிற்சியாலேயே கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் உயரக்கூடும் என்பதால், பயிற்சி செய்பவர் என்பதைச் சொல்லிவிட்டு, சோதனைக்கு முன் சில நாட்கள் எடை தூக்காமல் இருப்பது நல்லது.

விட்டுவிட்டால் உடம்பு முழுவதும் கரைந்துவிடுமா?

ஒரு பகுதி குறையும். அதை மறைக்க மாட்டேன். முதல் சில மாதங்கள் கடினமாகவே இருக்கும், கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காது. ஆனால் பயிற்சியை விடாமல், நன்றாகத் தூங்கி, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் சாப்பிட்டால் கணிசமான தசை நிலைக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம். கடலூர் துறைமுகத்தில் வந்திறங்கும் மத்தியும் சங்கராவும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் தருகின்றன. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. சுண்டலும் பயறும் தயிரும் மீதியை நிரப்பும். ஹார்மோன் அளவு திரும்புகிறதா என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்ப்பார். அளவு ஏறவில்லை என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு, அதை அவரே தொடங்குவார்.